வரிசை முடிச்சாத்தான் தண்ணி

எங்கள் லைனில் சுவரோடு சுவர் ஒட்டி ஆறு வீடுகள். நான்காவது வீடு என்னுடையது. என்னுடையது என்றாலும் எஸ்டேட் வீடுதான். நோட்டில் என் பேர் இருக்கிறது, அவ்வளவே. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு சாய்ப்பு. இந்த வீடு எப்படி என் பேருக்கு வந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. லைனில் எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எட்டாவது வரை படித்ததில் எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, காப்பிச் செடிகளுக்கு இடையே அரை மணி நேரம் நடந்தால் எங்கள் எஸ்டேட். அப்பா அங்கே மேஸ்திரி. கார்த்திகையிலிருந்து தை வரை பழம் எடுக்கும் சீசன். காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துக் கொடுப்பார். கீழே ஓடைக்கரையிலிருந்து மேலே பாதை வரை, இரண்டு பக்கமும் பழத்தைப் பறித்து இடுப்பில் கட்டிய சாக்கில் போட்டுக்கொண்டே ஏற வேண்டும். ஒரு வரிசை முடிய சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும், காய்ப்பு நன்றாக இருந்தால் மூன்று மணி நேரம்கூட ஆகும். மேலே பாதையோரம் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தண்ணீர் டின் இருக்கும். டின்னுக்குப் பக்கத்தில் அப்பா இருப்பார். டம்ளர் அவர் கையில் இருக்கும்.

"வரிசை முடிச்சாத்தான் தண்ணி." இது எஸ்டேட் வைத்த சட்டம் இல்லை. எஸ்டேட் துரையும் சொல்லவில்லை, ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டரும் சொல்லவில்லை. அப்பா தானாக வைத்தது. காரணமும் சொல்வார்.

"தண்ணி குடிச்சா ஒதுங்கோணும். ஒருத்தி ஒதுங்குனா தொணைக்கு நாலு பேரு போவாளுக. போனாக் கால் மணி நேரம். தண்ணியும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். வேல நடக்கும்."

சாயங்காலம் டின்னை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு, அலுமினிய டம்ளரை மட்டும் கோட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் வருவதற்கு முன்னால் யாரும் குடித்துவிடக் கூடாது என்றுதான்.

அம்மா செத்தபோது எனக்குப் பதினாலு வயது. அந்த சீசனிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். மகள் என்று எனக்குத் தனிச் சட்டம் கிடையாது. வாய் ஒட்டிப்போய் மேலே ஏறி வந்தால் என் வரிசையில் இறங்கிப் பார்ப்பார். இலைக்கு அடியில் நாலு பழம் விட்டிருந்தால் திரும்ப இறங்கச் சொல்வார். மற்ற பெண்கள் அவரைத் திட்டுவார்கள், ஜாடையாகப் பாடுவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். எனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்ததும் அவர்தான். பிறகு எஸ்டேட் முழுக்க அதுவே பேராகிவிட்டது.

மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா இருந்தார். சொந்தம் இல்லை என்றாலும் பெரீம்மா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஒரு நாள் அவர் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். என் பக்கத்து வரிசை அவருக்கு. பாதி ஏறியதும் பழச்சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு மேலே போனார்.

"ஒரே ஒரு வாய் குடுங்க மேஸ்திரி. காச்சலுங்க. நாக்கு உள்ள இழுக்குதுங்க."

அப்பா டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டார். பெரீம்மா கையை நீட்டினார். அப்பா டம்ளரை மெதுவாகச் சாய்த்துத் தரையில் ஊற்றினார். "வரிசைய முடிச்சுட்டு வந்து கேளு. டின்னு எங்கீம் ஓடிப் போவாது."

பெரீம்மா திரும்பி இறங்கினார். நாலு எட்டு வைத்திருப்பார், முகம் குப்புற விழுந்தார். கல்லில் பட்டு முன்பல் இரண்டும் போய்விட்டன. அதற்கப்புறமும் பத்து வருஷம் அவர் அப்பாவிடம்தான் வேலை செய்தார். பேர் கூப்பிடும்போது அப்பா அவர் பேரைச் சொல்ல மாட்டார். "ஏய் பொக்க!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பெரீம்மாவும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அப்பாவை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லும்போது இதைக் காரணமாகக் காட்டத் தோன்றும். காரணம் இது இல்லை. இதுவும் நடந்தது, அவ்வளவுதான்.

ஓர் ஆவணி மாதம், மழை நின்ற ஒரு காலையில், அப்பா செருப்பை மாட்டக் குனிந்தார், நிமிரவில்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டது. எஸ்டேட் ஜீப்பில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருபது நாள் கழித்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலது கையும் காலும் வரவில்லை. வாய் கோணிக்கொண்டது. பேச்சு குழறினாலும் உற்றுக் கேட்டால் புரியும். கயிற்றுக் கட்டிலில் உரச்சாக்கைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் பழைய சேலைத் துணி நாலு மடிப்பு போட்டுப் படுக்க வைத்தேன். போர்த்துவதற்கு எஸ்டேட்டில் வருஷம் ஒன்று கொடுக்கும் கருப்புக் கம்பளி. அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று.

அண்ணன் மலைக்குக் கீழே குப்பனூரில் பெண் கட்டி, தறி ஓட்டிக்கொண்டு அங்கேயே இருந்தான். அப்பாவைப் பார்க்க வந்தபோது கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணி சொல்லிவிட்டாள்:

"எங்கூட்ல தறி போட்டது போக நிக்கவே எடமில்லீங்க. கீழ நொம்ப வெக்க வேற. மாமனுக்கு மேலதான் ஒத்துக்கும்."

கார்த்திகை பிறந்ததும் ரைட்டர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வாசலிலேயே நின்றேன். வேலைக்கு வரும் ஆட்கள் பேர் எழுதும் செக்ரோல் நோட்டில் அப்பா பேரை அடித்திருந்தார்கள். அந்த சிவப்புக் கோட்டைத் தலைகீழாகவே பார்த்தேன்.

"ரெண்டு ஆளு வேலைக்கு வர்ற குடும்பத்துக்குத்தான் லைன் வீடு. உனக்கே தெரியும். நீ இப்ப ஒத்த ஆளு. கீழேருந்து அஞ்சு பேரு வேலைக்கு வர்ற குடும்பம் ஒண்ணு ஊடு கேட்டுட்டு நிக்குது."

அந்தக் கோட்டிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அம்மிணி, எதாச்சும் சொல்லு."

"எங்கீங்க போறது" என்றேன். அதுவே பெரிய பேச்சு எனக்கு.

ரைட்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு பண்ணு. இந்த சீசன் ஆளு பத்தாது. ஒரு நாள் விடாம வா. ஒரு நாளு. காச்சல், அப்பன், ஆஸ்பத்திரின்னு எதுவும் எங்கிட்ட சொல்லப்படாது. சீசன் முடிஞ்சதும் நான் துரைகிட்டப் பேசி ஊட்ட உம் பேருக்கே எழுதிக் குடுக்கறேன். ஒரு நாளு உட்டாலும் அடுத்த நாளு சாமான எடுத்து வெளிய வெச்சுக்க."

காலையில் ஏழு மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள். பழம் எடுத்து, சுமந்து போய் அளந்து கொட்டிவிட்டு வீட்டுக்கு வர சாயங்காலம் ஐந்தரை ஆகும். மத்தியானச் சோறு மேலேயே. குரங்கு உள்ளே வராமல் இருக்கக் கதவுக்கு வெளியே சங்கிலி போட்டுவிட்டுப் போவேன். பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பத்தரை மணி நேரம் அப்பா தனியாக.

முதல் வாரம் காலையில் கஞ்சியும் காப்பியும் வயிறு நிறையக் கொடுத்தேன். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் வாடை முகத்தில் அடிக்கும். சேலைத் துணி, சாக்கு, கம்பளி எல்லாம் ஈரம். அப்பா ஈரத்தில் நடுங்கிக்கொண்டு கிடப்பார். பல் கிட்டிப் போயிருக்கும். கார்த்திகைப் பனியில் அங்கே துணி காயாது. பகலெல்லாம் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அலசிப் போட்ட துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் காயவைத்தேன். கம்பளி மூன்று நாள் ஆனாலும் காயாது. அவருடையது நனைந்தால் என்னுடையதைப் போர்த்துவேன். அதுவும் நனைந்தால் எனக்குச் சாக்கு.

எஸ்டேட் கம்பவுண்டர் வேலை இல்லாத ஒரு ஞாயிறு வந்து அப்பாவைப் புரட்டிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது.

"ஈரத்துல கெடந்தா முதுகு அழுகிப் போயிரும். காய வெச்சு வெக்கோணும் அம்மிணி" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

எப்படி என்று சொன்னவள் அண்ணி. அடுத்த ஞாயிறு வந்திருந்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே சொன்னாள்.

"தண்ணியக் கொறச்சுக் குடுங்க. எங்கம்மாளுக்கு அப்பிடித்தான் பண்ணுனோம். காலைல அரை டம்ளரு, பொழுதோட அரை டம்ளரு. போறதுக்கு உள்ள இருந்தாத்தான போகும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் காப்பி கொடுக்கவில்லை. கஞ்சிக்குப் பதில் கெட்டியாகக் களி இரண்டு உருண்டை. அரை டம்ளர் தண்ணீர். சொம்பை எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் கதவைத் திறந்தபோது கம்பளி உலர்ந்திருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். அன்று நான் எதையும் அலசவில்லை. வெந்நீர் வைத்துக் குளித்தேன். சாப்பிட்டுவிட்டு என் கம்பளியை நானே போர்த்திப் படுத்தேன்.

அவர் கேட்பார். "தண்ண... தண்ண..." என்பார். முதலில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். பிறகு கண்ணு என்று கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரை டம்ளருக்காகக் கூப்பிட்டார்.

"காலைல தர்றனுங்க அப்பா" என்பேன்.

பழம் எடுக்கும் இடத்தில் அப்பாவுக்குப் பதிலாக வேறு மேஸ்திரி வந்துவிட்டார். டின்னுக்குப் புது டம்ளர் வைத்து, அதை டின்னோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். வேண்டும்போது போய்க் குடிக்கலாம். பழைய டம்ளர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில்தான் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டின்னைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி கேட்டாள்.

"ஏ அம்மிணி, மேஸ்திரி என்ன பண்றாரு?"

"படுத்திருக்காரு."

"தண்ணி கிண்ணி குடிக்கிறாரா?"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "வரிசை முடிச்சாத்தான் தண்ணின்னு சொல்லிட்டு வந்திருக்கறன்" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள். ஒருத்தி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். ஒருத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, ஊமைக்கோட்டான் பேசுதுடீ!" என்று இன்னொருத்தி என் முதுகில் அடித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு மனுஷர் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அன்று முழுக்க எனக்கு வேலை செய்ததே தெரியவில்லை.

மறுநாளும் கேட்டார்கள். "இன்னிக்கு மேஸ்திரி எது வரைக்கும் ஏறியிருக்காரு?"

"ஓடைக்கிட்டயேதான் நிக்கறாரு. காய்ப்பு அதிகமாமா."

அதற்கும் சிரித்தார்கள். அதற்கப்புறம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். "நாலு பழம் உட்டுட்டாரு, திரும்ப எறக்கி உட்டிருக்கறன்" என்றேன் ஒரு நாள். எனக்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்தார்கள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து ஊறுகாய் வைத்தார்கள். அப்பாவிடம் நான் அப்படியெல்லாம் சொல்லவில்லை என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும்.

பொங்கல் கழிந்த ஞாயிறு கம்பவுண்டர் இன்னொரு தரம் வந்தார். அப்பாவின் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நாக்கு மரத்துண்டு மாதிரி இருந்தது. கம்பவுண்டர் அவர் கைத்தோலைக் கிள்ளிவிட்டார். கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது.

"தண்ணி நல்லாக் குடுக்கறியா?"

"குடுக்கறனுங்க."

"மூத்திரம் நெறமா போகுதா?"

"இல்லீங்க. வெள்ளையாத்தானுங்க போகுது."

அப்பா இடது கையைத் தூக்கினார். கம்பவுண்டர் பக்கம் நீட்டி என்னவோ சொன்னார். "தண்ண" என்றுதான் சொன்னார்.

"பாத்தியா, கேக்கறாரு. குடு" என்றார் கம்பவுண்டர். நான் டம்ளரில் மொண்டு கொடுத்தேன். அவர் முன்னால் முழு டம்ளர். அவர் ரோடு ஏறிப் போகும் வரை பார்த்துவிட்டு, அன்று சாயங்காலத்துத் தண்ணீரைக் கழித்துக்கொண்டேன்.

சீசன் முடிய இன்னும் பதினேழு நாள். பேர் கூப்பிடும்போது ரைட்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நோட்டில் என் பேருக்கு நேராகக் கட்டம் ஒன்றுகூட வெறுமையாக இல்லை.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் வந்தபோது, பெரீம்மா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவர் வேலைக்கு வருவதில்லை, மருமகள்தான் வருவாள். பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். அவர் அடுப்படிக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்.

"உங்கூட்ல பானை ஒடஞ்சுது" என்றார்.

"எப்பங்க பெரீம்மா?"

"பத்து மணி இருக்கும். அதுக்கப்பறம் கூப்பிட்டாரு. நொம்ப நேரம் கூப்பிட்டாரு."

உள்ளே போய்விட்டார். எங்கள் கதவில் காலையில் நான் போட்ட சங்கிலி போட்டபடியே இருந்தது.

அப்பா தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, இடது கையால் தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மூலைக்குப் போயிருக்கிறார். தண்ணீர்ப் பானையைச் சாய்த்திருக்கிறார். பானை உடைந்துவிட்டது. தண்ணீர் முழுக்கத் தரையில். எங்கள் வீட்டுத் தரை வாசல் பக்கம் சரிவு, ஓடிப் போயிருக்கும். அவர் கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. நாக்கு வெளியே இருந்தது, மண் அப்பியிருந்தது. சட்டை, வேட்டி, கூடவே இழுபட்டு வந்த கம்பளி எல்லாம் நனைந்து சில்லிட்டிருந்தன. பத்து மணியிலிருந்து ஐந்தரை மணி வரை.

நான் முதலில் பார்த்தது கம்பளியை. அதையும் சொல்லிவிட வேண்டும். இனி இது மூன்று நாளைக்குக் காயாதே என்றுதான் நினைத்தேன்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் போடுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ண" என்றார்.

"வரிசை முடியட்டும். அப்பறம் தண்ணி" என்றேன்.

மரத்தடியில் சிரிப்புக்காகச் சொன்னதை அவரிடம் அன்றுதான் சொன்னேன். வழக்கமாக அவரிடம் போடும் 'ங்க' கூடப் போடவில்லை. அவர் என் கையை விட்டுவிட்டார். என் முகத்தையே பார்த்தார். அந்தக் கோண வாயில் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் துணி மாற்றினேன். மறுநாள் பக்கத்து லைனில் ஒரு பானை வாங்கி வந்து, அதைப் பரண் மேல் தூக்கி வைத்தேன். நானே ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவர் தண்ணீர் கேட்கவில்லை.

பதினேழு நாளும் போனேன். தை கடைசியில் பழம் முடிந்தது. ரைட்டர் சொன்னபடி செய்தார். ஆபீசுக்குக் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான்காவது வீட்டுக்கு நேரே என் பேர் இருந்தது. "கையெழுத்துப் போடு. உனக்குத்தான் எழுத வருமே" என்றார். போட்டேன்.

அன்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். வேகமாக வீட்டுக்கு வந்தேன். சீசன் வேலை முடிந்துவிட்டது. இனி அரை நாள் வேலைதான், பக்கத்தில் இருக்கலாம், நனைந்தால் நனையட்டும், அலசிக்கொள்ளலாம். வெயிலும் வந்துவிட்டது. பரணிலிருந்து பானையை இறக்கிக் கீழே வைத்தேன். டம்ளர் நிறைய மொண்டு, அவர் தலையைத் தூக்கி, வாயில் வைத்தேன்.

இரண்டு வாய் குடித்தார். உதட்டை மூடிக்கொண்டார்.

"குடிங்கப்பா. எத்தன வேண்ணாலும் குடிங்க. வீடு நம்ம பேருக்கு வந்துருச்சுங்க."

தலையை ஆட்டினார். டம்ளரைத் திரும்ப வைத்தேன். பல்லில் இடித்தது, வாய் திறக்கவில்லை.

"வரிச முடியில" என்றார்.

குழறலாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு தெளிவாக அவர் எதுவும் சொல்லவில்லை. புத்தி பேதலித்துச் சொன்னாரா, தெரிந்தே எனக்குத் திருப்பிக் கொடுத்தாரா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அவரைத் தெரிந்தவள் என்பதால் எனக்குத் தோன்றுவதை எழுதாமல் விடுகிறேன்.

அதற்கப்புறம் தினமும் இதே. காலையில் இரண்டு வாய், சாயங்காலம் இரண்டு வாய். காப்பி போட்டுப் பார்த்தேன், ஆரஞ்சு பிழிந்து பார்த்தேன், மோர் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வாய்க்கு மேல் இல்லை. கெஞ்சினேன். ஒரு நாள் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். இருமி என் முகத்திலேயே துப்பினார். படுக்கை மட்டும் எப்போதும் உலர்ந்தே இருந்தது. பங்குனியில் மழை பெய்து எஸ்டேட் முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்தது. வாசத்தில் தலை சுற்றும். அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கம்பவுண்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீர் இறங்கவில்லை, சேலத்துக்குக் கொண்டுபோயும் பிரயோசனமில்லை என்றார்.

சித்திரையில் இழுத்துக்கொண்டு கிடந்தார். இரண்டு நாள் மூச்சு மேலும் கீழும் போய் வந்தது, நிற்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால், சொந்தக்காரர்களும் கூட வேலை செய்தவர்களும் வந்து ஆளுக்கு ஒரு வாய் பாலோ தண்ணீரோ ஊற்றுவார்கள். யாருடைய கைத் தண்ணீருக்காக உயிர் நிற்கிறதோ, அவர் ஊற்றினால் அடங்கும் என்பார்கள்.

அண்ணன் வந்தான். பாலை ஊற்றிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதான். அண்ணி ஊற்றினாள்.

"ராசாவாட்டம் வெச்சிருந்தீங்க. முதுகுல ஒரு புண்ணு இல்ல பாருங்க" என்று என்னிடம் சொன்னாள். உண்மைதான். ஒரு புண் இல்லை.

நான் ஊற்றினேன். எனக்காக நிற்கவில்லை போல. மூச்சு அப்படியேதான் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் பெண்கள் வந்தார்கள். டின்னைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தவர்கள் எல்லோரும். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, டம்ளரை வாங்கி, இரண்டு சொட்டு ஊற்றிவிட்டு வெளியே போனார்கள். அறை சின்னது. அதனால் வாசலிலிருந்து லைன் தண்ணீர் பைப் வரைக்கும் ஒருத்தி பின்னால் ஒருத்தி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் என் காதில், "அதே டம்ளராடி?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கடைசியில் பெரீம்மா வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அப்பாவின் வாயையே பார்த்தார்.

"கூப்பிட்டது எனக்குக் கேட்டுது" என்றார், என்னைப் பார்க்காமல். "தெனமும் கேட்டுது. நீ வந்து, பெரீம்மா மத்தியானம் ஒரு டம்ளரு ஊத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவீன்னு பாத்தன். நீயும் சொல்லுல. நானும் போவுல."

"சொல்லியிருந்தா ஊத்தியிருப்பீங்களா பெரீம்மா?"

"தெரியில சாமி." யோசித்தார். "பானை ஒடஞ்ச அன்னிக்கு சங்கிலி வரைக்கும் வந்தன். கையும் வெச்சன்."

டம்ளரைக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் மாதிரி இரண்டு சொட்டு ஊற்றவில்லை. பானையிலிருந்து நிறைய மொண்டுகொண்டு, அப்பாவின் தாடையை இடது கையால் பிடித்து வாயைத் திறந்து, மெதுவாகச் சாய்த்தார். சாய்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. வாய் நிறைந்து, கோணிய பக்கம் வழிந்து, கழுத்தில் இறங்கிக் கம்பளியைத் தொட்டது.

என் கை தானாகப் போய்க் கம்பளியைப் பிடித்து இழுத்தது.

பெரீம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பல்லில்லாத வாயைக் கையால் பொத்தாமல் சிரித்தார்.

"இன்னும் என்ன கண்ணு? நனஞ்சா நனையட்டும், உடு" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் மொண்டார்.

நான் கம்பளியை விடவில்லை.